கண்ணயர்ந்த சில நிமிடங்களும் கடைசி நினைவும்

மறதி நோய் முற்றிய பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. "அவர் எப்பவோ போயிட்டார். இப்ப இருக்கிறது வெறும் உடம்புதான்." வெறுப்பில் சொல்வதில்லை. அலுத்துப்போய்ச் சொல்வது, சில சமயம் தன்னைத் தேற்றிக்கொள்ளவும் சொல்வது. பெற்ற மகளைப் பார்த்து "நீ யாரம்மா?" என்கிறார். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் "இன்னும் சோறு போடலையே" என்கிறார். நாற்பது வருடம் குடியிருந்த கூடத்தில் உட்கார்ந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்று கெஞ்சுகிறார். இவரை அந்தப் பழைய மனிதர் என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்விதான். ஆனால் அதே வீட்டில் ஒருநாள் வாசல் கதவு திறந்து கிடக்கிறது. செருப்பு இருக்கிறது, ஆளைக் காணோம். அப்போது யாரும் "எப்பவோ போனவர்தானே" என்று உட்கார்ந்திருப்பதில்லை. ஒருவர் பேருந்து நிலையத்துக்கு ஓடுகிறார், ஒருவர் குளத்தங்கரைக்கு, ஒருவர் காவல் நிலையத்துக்கு. "காணவில்லை" என்று நோட்டீஸ் அடிக்கும்போது பெயர், வயது, கட்டம் போட்ட கைலி, இடது புருவத்துத் தழும்பு எல்லாம் எழுதுகிறோம். அந்தப் பெயருக்குரியவர் இன்னும் இருக்கிறார் என்று ஏற்றுக்கொண்டுதான் எழுதுகிறோம். திண்ணையில் உட்கார்ந்து சொல்வதைவிட, தேடி ஓடும்போது நாம் செய்வதே உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது என் வாதம். ஒருவர் தன்னை நினைத்துக்கொண்டிருப்பது அவர் அவராக இருப்பதற்கு ஒரு வழிதான். அது அறுந்தபிறகும் இன்னொரு வழி மிஞ்சுகிறது. அது பிறருடைய நினைவு. நம் சமயங்கள் இதைப் பற்றி வெகு காலம் முன்பே கவலைப்பட்டிருக்கின்றன. ஜப்பானில் ஒரு வழக்கு இதே கவலையை ரூபாய் அணா பைசாக் கணக்கில் கொண்டுவந்து நிறுத்தியது.

2007 டிசம்பர் 7. ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் ஓபு என்ற ஊர். 91 வயது முதியவர், அல்சைமர் நோயாளி, மாலை நாலரை மணிவாக்கில் பகல்நேரப் பராமரிப்பு மையத்திலிருந்து வீடு திரும்புகிறார். அவரைப் பார்த்துக்கொள்வதற்கென்றே யோகோஹாமாவிலிருந்து வந்து பக்கத்தில் குடியேறியிருந்த மூத்த மருமகள், அவர் வெளியே சிறுநீர் கழித்துவிட்ட இடத்தைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார். அருகே இருந்த மனைவிக்கு வயது 85. அவருக்கே பிறர் துணை தேவை என்று அரசு சான்றளித்திருந்தது. அவர் ஆறேழு நிமிடம் கண்ணயர்ந்துவிட்டார். அந்த இடைவெளியில் முதியவர் வெளியே போய்விட்டார். கையில் காசு இல்லை. ஓபு நிலையத்தில் ரயில் ஏறி அடுத்த நிலையமான கியோவாவில் இறங்கி, நடைமேடையின் கோடியில் பூட்டாமல் இருந்த சிறு கதவு வழியாகத் தண்டவாளத்துக்கு இறங்கியிருக்கிறார். சிறுநீர் கழிக்கத்தான் இறங்கியிருக்க வேண்டும் என்று பிற்பாடு ஊகித்தார்கள். ரயில் மோதி இறந்தார். இதற்கு முன்பும் அவர் வீட்டைவிட்டுப் போய் மீண்டதுண்டு. அதனால் வீட்டார் அவர் உடைகளில் பெயரும் தொடர்பு விவரமும் தைத்து வைத்திருந்தார்கள். வீட்டோடு சேர்ந்திருந்த பழைய அலுவலக வாசலில் ஆள் கடந்தால் மணி அடிக்கும் கருவியும் இருந்தது. அன்று அது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

ரயில் நிறுவனமான ஜே.ஆர். டோக்காய், தாமதத்தாலும் மாற்றுப் போக்குவரத்தாலும் ஏற்பட்ட செலவு என்று சுமார் 72 லட்சம் யென் கேட்டுக் குடும்பத்தின் மேல் வழக்குப் போட்டது. 2013-ல் நகோயா மாவட்ட நீதிமன்றம், மனைவியும் மூத்த மகனும் முழுத் தொகையையும் கட்ட வேண்டும் என்றது. 2014-ல் உயர் நீதிமன்றம் மகனை விடுவித்து, மனைவி மட்டும் ஏறக்குறையப் பாதியைக் கட்டட்டும் என்றது. 2016 மார்ச் 1 அன்று உச்ச நீதிமன்றம் இருவருமே எதுவும் தரவேண்டியதில்லை என்று முடித்தது. மனைவி என்பதாலேயே, மகன் என்பதாலேயே ஒருவர் சட்டப்படியான கண்காணிப்பாளர் ஆகிவிட மாட்டார். உண்மையில் அவரால் எவ்வளவு பார்த்துக்கொள்ள முடிந்தது என்பதை எல்லாப் பக்கமும் வைத்து எடைபோட வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஜப்பானில் இது ஏதோ ஒரு வீட்டுக் கதையாக நின்றுவிடவில்லை. மறதி நோயால் காணாமல் போனதாகப் போலீஸில் பதிவானவர்கள் 2012-ல் 9,607 பேர். 2023-ல் 19,039 பேர். பெரும்பாலோர் அன்றைக்கோ சில நாளிலோ கிடைத்துவிடுகிறார்கள். 2023-ல் 553 பேர் பிணமாகக் கிடைத்தார்கள். அந்த வழக்கு நடந்த ஆண்டுகளில், வயதான பெற்றோர் உள்ள ஜப்பானியக் குடும்பங்கள் ஒவ்வொரு தீர்ப்பையும் தங்களுக்கே வந்த தீர்ப்பாகப் படித்ததில் வியப்பில்லை.

வழக்கின் அடியில் கிடக்கும் தத்துவக் கேள்விக்கு வருவோம். "வெறும் உடம்புதான்" என்ற நம் வீட்டுப் பேச்சுக்கு மேற்கில் ஒரு பெரிய பாட்டனார் உண்டு: தத்துவவாதி ஜான் லாக். மனித அறிவு பற்றிய தன் நூலின் 1694-ம் ஆண்டுப் பதிப்பில் புதிதாகச் சேர்த்த அத்தியாயத்தில், ஒருவரின் தன்னுணர்வு பின்னோக்கி எவ்வளவு தூரம் எட்டுகிறதோ அவ்வளவு தூரத்துக்குத்தான் அவர் அதே ஆள் என்றார். நினைவு எட்டவில்லையா, அந்தச் செயலைச் செய்தவர் வேறு ஆள். 1785-ல் தாமஸ் ரீட் இதை ஒரு கதையால் மடக்கினார். பழம் திருடி அடிவாங்கிய சிறுவன், பிறகு எதிரியின் கொடியைக் கைப்பற்றிய இளம் அதிகாரி, கடைசியில் கிழட்டுத் தளபதி. அதிகாரிக்கு அடி நினைவிருக்கிறது. தளபதிக்குக் கொடி நினைவிருக்கிறது, அடி மறந்துவிட்டது. லாக் கணக்குப்படி தளபதியும் அதிகாரியும் ஒரே ஆள், அதிகாரியும் சிறுவனும் ஒரே ஆள், ஆனால் தளபதியும் சிறுவனும் வேறு வேறு ஆட்கள்! தர்க்கமாகப் பார்த்தால் லாக் அங்கேயே விழுந்துவிடுகிறார். என்றாலும் அவர் எதற்காக அந்த அளவுகோலைச் செய்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். யாரைத் தண்டிப்பது, இறுதித் தீர்ப்பு நாளில் யார் எதற்குப் பதில் சொல்வது என்பதே அவர் கவலை. அந்த வேலைக்கு அது ஓரளவு பொருந்துகிறது. ஜப்பானியக் குடிமைச் சட்டமும், தன் செயலை உணராத நிலையில் இருப்பவர் நட்டஈட்டுக்குப் பொறுப்பில்லை என்றுதான் சொல்கிறது. ஓபு முதியவரிடம் யாரும் பணம் கேட்க முடியாததால்தான் வழக்கு அவர் மனைவியிடம் போனது. ஒருவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவரா என்பது ஒரு கேள்வி. அவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோமா என்பது வேறு. முதல் கேள்விக்குச் செய்த கோலைக் கொண்டு இரண்டாவதை அளந்துவிட்டு, ஆள் இல்லை என்று கைகழுவுவதுதான் நம் பிழை.

சமயத்துக்குள் வந்தால் இந்தப் பிரச்சினை இன்னும் கூர்மையாகிறது. உயிர் பிரியும் நேரத்தில் எதை நினைக்கிறோமோ அதையே அடைவோம் என்று கீதையின் எட்டாம் அத்தியாயம் சொல்கிறது. பரத மகாராஜா தவத்தில் இருந்தபோது ஒரு மான்குட்டியை வளர்த்து, சாகும்போது அதையே நினைத்து, மானாகப் பிறந்தார் என்று பாகவதம் கதை சொல்கிறது. வாழ்நாள் முழுக்க நினைத்தது போதாது, கடைசி நொடியிலும் நினைவு தவறக்கூடாது என்றால் மறதி நோயில் போகிறவரின் கதி என்ன? எழுபது வருடம் விடியற்காலையில் குளித்து நாமம் இட்டுத் திருப்பாவை சொன்னவர், கடைசி மூன்று வருடம் பெருமாள் யார் என்றே தெரியாமல் இருந்து, தெருவில் இறங்கி நடந்து, ஏதோ ஒரு ஊரின் வாய்க்கால் ஓரத்தில் தனியாக இறந்தால், அந்த எழுபது வருடமும் தண்ணீரில் போயிற்றா? பெரியாழ்வாருக்கு இந்தப் பயம் இருந்தது. மரணப் படுக்கையை அவர் பாடும்போது அழகுபடுத்துவதில்லை. சுற்றி நிற்கும் உறவினர் பணத்தை எங்கே வைத்தாய் என்று துளைத்துத் துளைத்துக் கேட்கிறார்கள், கிடப்பவருக்கு வாய் திறக்கவில்லை. இன்னொரு பதிகத்தில் திருவரங்கனிடம் நேராகவே பேசிவிடுகிறார்: தளர்ச்சி வந்து என்னை வாட்டும் அந்த நேரத்தில் உன்னை நினைக்க என்னால் ஆகாது, ஆகவே அந்த நேரத்துக்காக இந்த நேரத்திலேயே சொல்லிவிட்டேன் என்று. நல்ல நினைவோடு இருக்கும் ஒருவர், தன் நினைவு கைவிடும் நாளை முன்கூட்டியே பார்த்து, அதற்கான ஏற்பாட்டை இன்னொருவரிடம் ஒப்படைக்கிறார்.

அந்த ஒப்படைப்புக்கு மறுமுனையிலிருந்து வரும் பதிலை வைணவர்கள் வராக சரம ஸ்லோகம் என்று போற்றுகிறார்கள். பூமிப்பிராட்டி கேட்க வராகப் பெருமாள் சொன்னதாக வரும் இரண்டே செய்யுள். உடம்பும் மனமும் சீராக இருக்கும்போது ஒருவன் என்னை நினைத்தால், பின்னால் அவன் கட்டையாகவும் கல்லாகவும் சாகக் கிடக்கும்போது நான் அவனை நினைக்கிறேன், நானே அழைத்துப்போகிறேன் என்பது அதன் பொருள். வேதாந்த தேசிகர் இந்த இரு செய்யுளுக்காகவே ரஹஸ்ய சிகாமணி என்று ஒரு நூல் எழுதினார். அதன் கருத்தின் துணிச்சலைப் பாருங்கள். கடைசி நினைவு வேண்டும் என்ற விதி ரத்தாகவில்லை. நினைக்க வேண்டியவர் மட்டும் மாறிவிட்டார். நோயாளியின் கடனை வராகன் தன் கணக்கில் ஏற்றுக்கொள்கிறான். பாகவதத்து அஜாமிளன் இன்னும் ஒரு படி போகிறான். சாகும்போது அவன் கூப்பிட்டது கடவுளை அல்ல, நாராயணன் என்று பெயர் வைத்திருந்த தன் கடைசி மகனை. கேட்டவனோ வேறு ஒருவன். கிறிஸ்தவ இறையியலிலும் அண்மையில் இதே திசையில் நடக்கிறார்கள். ஜான் ஸ்விண்டன் என்ற ஸ்காட்லாந்து இறையியலாளர் 2012-ல் மறதி நோய் பற்றி எழுதிய நூலுக்கு, கடவுளின் நினைவுகளில் வாழ்தல் என்ற பொருளில்தான் தலைப்பு வைத்தார். தூரதூரமான இரண்டு மரபுகள் ஒரே நெருக்கடியில் ஒரே கதவைத் தட்டியிருக்கின்றன.

உடனே ஒரு மறுப்பு வரும். வராகனின் வாக்கு நிபந்தனை உள்ளது. சீராக இருந்தபோது நினைத்தவனுக்குத்தானே அது? நினைக்காமல் வாழ்ந்தவனை யார் நினைப்பது? சைவ சித்தாந்தம் இங்கே கைகொடுக்கிறது என்று நினைக்கிறேன். மெய்கண்டார் மரபில் உயிர் தானாக எதையும் அறிவதில்லை, அறிவிக்க அறிவது. கண்ணுக்குப் பார்க்கும் திறன் உண்டு, ஆனால் சூரிய ஒளி இல்லாமல் எதையும் காணாது. உயிரும் அப்படியே என்கிறார்கள். எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாவது அதன் இயல்பு. இறைவன் செய்வதை அவர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள்: காட்டும் உபகாரம் ஒன்று, கூடவே நின்று தானும் காணும் உபகாரம் இன்னொன்று. கருவிகள் எல்லாம் கழன்று உயிர் இருளில் கிடக்கும் நிலைக்கும் அங்கே பெயர் உண்டு, கேவலம். அப்படிக் கிடப்பதால் அது உயிர் அல்லாமல் போய்விடுவதில்லை. இந்தப் பார்வையில் மறதி நோயாளி மனித இனத்தில் ஒரு விதிவிலக்கே அல்ல. நல்ல நினைவோடு திரியும் நீங்களும் நானும்கூட இன்னொன்றின் தயவில்தான் அறிந்துகொண்டிருக்கிறோம். நம்மிடம் இது மறைந்திருக்கிறது, அவரிடம் வெளியே தெரிகிறது. ஆகவே பிறர் துணையால் தாங்கப்படுவது மனிதத் தகுதியிலிருந்து ஒரு சரிவு என்ற எண்ணமே சித்தாந்தத்தின் முன் நிற்காது.

இறையியலை ஒதுக்கிவைத்துவிட்டு, தேடுதல் பணியில் பழகியவர்கள் சொல்வதைக் கேட்டாலும் இதே இடத்துக்குத்தான் வந்துசேர்கிறோம். மறதி நோயால் வழிதவறியவர், எதிலாவது சிக்கி நிற்கும் வரை நேராக நடந்துகொண்டே இருப்பார். புதரோ பள்ளமோ வேலியோதான் அவரை நிறுத்தும். உதவி என்று கத்தமாட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு பத்தடி தூரத்தில் ஆட்கள் போனாலும் பெரும்பாலும் பதில் கொடுக்கமாட்டார். காட்டில் தொலைந்த மலையேறியும் திருவிழாவில் தொலைந்த குழந்தையும் தாம் தொலைந்ததை அறிவார்கள், அழுவார்கள், கூவுவார்கள். இவருக்கு அது தெரியாது. அவரைப் பொறுத்தவரை அவர் வேலைக்குப் போகிறார், அல்லது அம்மா காத்திருக்கும் வீட்டுக்குப் போகிறார். தொலைந்துவிட்டார் என்ற செய்தி முழுக்க முழுக்க வீட்டில் இருப்பவர்களின் நெஞ்சில்தான் இருக்கிறது. அவர்கள் நினைக்காவிட்டால் அவர் தொலைந்தவரே இல்லை. தெருவில் நடந்துபோகும் ஏதோ ஒரு கிழவர், அவ்வளவுதான். ஓபு முதியவர் ரயிலில் உட்கார்ந்திருந்தபோது சக பயணிகளுக்கு அவர் மற்றுமொரு பயணி. அவர் சட்டையில் தைத்திருந்த பெயர் அவரே படிப்பதற்காகத் தைத்ததல்ல. வேறு யாராவது ஒருவர் நின்று படிக்க வேண்டும் என்பதற்காக.

இன்னும் கனமான ஓர் எதிர்ப்பு சட்டத் தத்துவவாதி ரொனால்ட் ட்வார்க்கினிடமிருந்து வருகிறது. 1993-ல் வெளியான உயிர் உரிமைகள் பற்றிய தன் நூலில் அவர் மார்கோ என்ற அல்சைமர் நோயாளியை எடுத்துக்கொள்கிறார். ஒரு மருத்துவ மாணவர் சந்தித்து எழுதியிருந்த பெண் அவர். புத்தகத்தைப் பக்கம் மாற்றிமாற்றிப் புரட்டிக்கொண்டு மிக மகிழ்ச்சியாக இருந்தவர். இப்படி ஆனால் எனக்குச் சிகிச்சை வேண்டாம் என்று அவர் முன்பே எழுதிவைத்திருந்தால் அதை மதிக்க வேண்டும், இப்போதைய மகிழ்ச்சியைக் காரணம் காட்டி மீறக்கூடாது என்பது ட்வார்க்கின் கட்சி. தன் வாழ்க்கை எப்படிப்பட்ட கதையாக இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை நல்ல நினைவோடு இருந்தவருக்கே உண்டாம். அப்படியானால் "நான் அந்த நிலைக்கு வந்து எங்காவது போய்விட்டால் என்னைத் தேடாதீர்கள்" என்று ஒருவர் எழுதிவைத்தால்? பெரியாழ்வார் செய்ததும் முன்கூட்டிப் பேசியதுதானே என்றும் கேட்கலாம். இரண்டுக்கும் வேறுபாடு இருக்கிறது. ட்வார்க்கினின் ஆள் தன் பிற்கால ஆளுக்கு உத்தரவு போடுகிறார்; பிற்கால ஆள் வாய்பேச முடியாதவர், மீற முடியாதவர். ஆழ்வார் தன் பிற்காலத்துக்கு உத்தரவு எதுவும் போடவில்லை, அதற்கு ஒரு காவலரைத் தேடிக்கொடுக்கிறார். சிகிச்சை வேண்டாம் என்ற விருப்பத்துக்கு நான் தலைவணங்குவேன். பசியோடும் குளிரோடும் எங்கோ நிற்கும் ஒருவரைத் தேடாதே என்ற பழைய காகிதத்துக்குத் தலைவணங்க மாட்டேன். அந்தக் காகிதம் எழுதியவருக்குக் குளிரவில்லை, நிற்பவருக்குக் குளிர்கிறது.

வயதான காலத்தில் வீட்டைவிட்டு நடந்து போவதை நம் மரபு போற்றியிருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். வானப்பிரஸ்தம் இருக்கிறது, தருமன் திரும்பிப் பாராமல் வடக்கே நடந்த மகாபிரஸ்தானம் இருக்கிறது. போகட்டும் விடு, அவரும் ஒரு துறவிதான் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு இது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் கவிதையாகவே படுகிறது. தருமனுக்குத் தான் எதை விட்டுப் போகிறோம் என்று தெரியும். துறவி வீட்டை விடுகிறார். மறதி நோயாளி வீட்டைத் தேடிக்கொண்டு போகிறார். முன்வினை என்று முடிப்பவர்களுக்கும் நீண்ட பதில் தேவையில்லை. வினையை நம்புகிற எந்த மரபும், பிறர் வினையைக் காரணம் காட்டி உன் கடமையைச் செய்யாதே என்று சொன்னதாக நான் அறியவில்லை.

உண்மையில் என் வாதத்தை அசைக்கக்கூடிய எதிர்ப்பு வேறு. பிறர் நினைப்பதால்தான் ஒருவர் ஆளாக நீடிக்கிறார் என்றால், நினைக்க யாருமில்லாதவர் ஆளே இல்லையா? பெற்றோரைக் கூட்டத்தில் விட்டுவிட்டு ஊர் திரும்பும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் மறந்த நொடியில் அந்தத் தாய் மனிதத் தகுதியை இழந்துவிடுகிறாளா? மறதி நோய்ப் பராமரிப்பில் பெரிய மாற்றம் கொண்டுவந்த டாம் கிட்வுட், 1997-ல், ஆளாக இருப்பது என்பது உறவுகளின் நடுவே பிறர் ஒருவருக்கு வழங்கும் தகுதி என்று எழுதினார். வழங்குவதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும் என்பதே அதிலுள்ள அபாயம். இதற்கு விடையாக ஜப்பானிலிருந்தே இன்னொரு நிகழ்ச்சி. ஓபு விபத்து நடந்த அதே 2007-ம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், டோக்கியோப் பெண் ஒருவர் காணாமல் போய், குன்மா மாகாணத்தின் ததேபயாஷி ஊரில் இரவில் தனியாகக் கண்டெடுக்கப்பட்டார். தன்னைப் பற்றிச் சரியாகச் சொல்ல அவரால் முடியவில்லை. போலீஸ் பதிவில் பெயர் சரியாக ஏறவில்லை. கணவர் கொடுத்த புகார் ஒரு பக்கம், இந்தப் பெண் இன்னொரு பக்கம், இரண்டும் சந்திக்கவில்லை. ஊரார் அவருக்கு ஒரு பெயர் வைத்து முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். 2014 மே மாதம் என்.எச்.கே. தொலைக்காட்சி மறதி நோயால் காணாமல் போனவர்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பியபோது கணவர் அடையாளம் கண்டார். ஏறத்தாழ ஏழு ஆண்டுகள். அதற்குள் நோய் முற்றியிருந்தது.

அந்த ஏழு ஆண்டுகளும் அவர் யார்? அவருடைய பழைய வாழ்க்கையைப் பற்றி ஒன்றுமே தெரியாத பணியாளர்கள் அவரைக் குளிப்பாட்டினார்கள், சோறு ஊட்டினார்கள், தாங்கள் வைத்த பெயரைச் சொல்லி அழைத்தார்கள். அவர்களுக்கு அவர், தாங்கள் கடமைப்பட்டிருக்கும் ஒரு மனிதர். யாரோ கொடுத்த தகுதியைப் பார்த்து அவர்கள் செய்யவில்லை. உறவினரின் நினைவு அந்தத் தகுதியை உண்டாக்குவதில்லை, அதற்குரிய பதிலைச் சொல்கிறது. நினைக்கப்பட வேண்டும் என்ற உரிமை அவரிடமே இருக்கிறது. பிள்ளைகள் மறந்தால் அவர்கள் கடனாளிகள் ஆகிறார்கள், அம்மா இல்லாமல் போவதில்லை. என் தொடக்க வாதத்தை இப்படித் திருத்திச் சொன்னால் கிட்வுட்டின் அபாயம் நீங்கிவிடுகிறது. நம்பிக்கை உள்ளவர்களுக்கு வராகனின் வாக்கு இங்கேதான் வேலை செய்கிறது. மனிதர் அத்தனை பேரும் தவறினாலும் இந்த உரிமைக்குப் பதில் சொல்ல ஒருவன் மிச்சம் இருக்கிறான். நம்பிக்கை இல்லாதவர்களுக்கு அந்த ஒருவன் இல்லை. ஆகவே அவர்கள் பாரம் குறையவில்லை, கூடுகிறது. பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று சொல்ல அவர்களுக்கு வழியில்லை. ததேபயாஷிப் பெண்ணின் கதையில் அன்புக்குக் குறைவே இல்லை என்பதையும் கவனியுங்கள். தேடியவர் இருந்தார், தாங்கியவர்கள் இருந்தார்கள். குறை ஒரு பதிவேட்டில் இருந்தது. நினைவு என்று சொல்லும்போது நாம் நெஞ்சை மட்டும் எண்ணிக்கொள்கிறோம். ஊர்ப் பதிவேடும் போலீஸ் கணினியும்கூட ஒரு சமூகத்தின் நினைவுதான்.

அப்படியானால் பூட்டி வைத்துவிடலாமே என்பார்கள். கையில் ஜி.பி.எஸ். கட்டலாம், கதவுக்குத் தாழ் போடலாம், படுக்கையில் உணர்கருவி வைக்கலாம். நகோயாவில் வந்த முதல் இரண்டு தீர்ப்புகளும் குடும்பங்களை அந்தப் பக்கம்தான் தள்ளின. நிறுத்தி வைத்திருந்த அந்த மணி நீதிமன்றத்தில் குற்றச்சாட்டாகவே எழுந்தது. ஆனால் ஒரு வீட்டில் அந்த மணியை ஏன் நிறுத்துவார்கள் என்று யோசித்துப் பார்ப்பது கடினமில்லை. வருகிற போகிற ஒவ்வொருவருக்கும் அடிக்கும் மணியோடு எத்தனை மாதம் குடித்தனம் செய்வது? கருவியை நான் மறுக்கவில்லை, ஜி.பி.எஸ். உயிரைக் காப்பாற்றுகிறது. என் பயம் வேறு. காவல் காப்பதற்கு, அவர் வெளியே போகாமல் இருந்தால் போதும். நினைப்பது என்றால், அவர் எங்கே போக ஆசைப்படுகிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். தினமும் சாயங்காலம் ஆற்றங்கரை வரை நடந்து பழகியவரை யாராவது கூட அழைத்துப் போய்வந்தால், அவர் தாழைத் திறக்கத் தேடும் நாட்கள் குறையலாம். அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். 85 வயது மனைவியும் ஒரு மருமகளும் மட்டும் அதைச் சுமக்க முடியாது என்பதைத்தான் ஓபு காட்டியது.

2016 தீர்ப்பு குடும்பத்தை விடுவித்தது நியாயமே. ஆனால் அது சுமையை யார் தோளில் வைப்பது என்று சொல்லவில்லை. அது நீதிமன்றத்தின் வேலையும் அல்ல. பிறகு நகரங்கள் இறங்கின. யமாதோ நகரம் 2017-ல், மறதி நோயாளிகளால் நேரும் விபத்து இழப்புக்கு நகராட்சியே காப்பீடு எடுக்கும் திட்டம் தொடங்கியது. கோபே நகரம் 2019 முதல் வரி கட்டும் குடிமக்களிடம் ஆளுக்கு ஆண்டுக்கு 400 யென் கூடுதலாக வாங்கி, நோயைக் கண்டறியும் பரிசோதனைக்கும் விபத்து ஈட்டுக்கும் செலவிடுகிறது. வீட்டில் நோயாளி இருப்பவரும் கட்டுகிறார், இல்லாதவரும் கட்டுகிறார். வராகன் தன் கணக்கில் ஏற்றுக்கொண்ட கடனை ஒரு நகராட்சி தன்னால் ஆன அளவுக்கு ஏற்றிருக்கிறது என்றே இதை நான் படிக்கிறேன்.

நம் ஊரில் அப்படி ஒரு திட்டம் வரும்வரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. காணாமல் போனவரைப் பற்றிப் புகார் கொடுக்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அப்படி எந்தச் சட்டமும் இந்தியாவில் இல்லை. தான் தொலைந்ததை அறியாமல் நடந்துகொண்டிருப்பவருக்கு அந்த முதல் சில மணி நேரம்தான் எல்லாமே. கதவு திறந்து கிடப்பதைப் பார்த்த உடனே 112-ஐ அழையுங்கள். ரயில் நிலையத்திலோ பேருந்து நிலையத்திலோ, எங்கே போகிறோம் என்று சொல்லத் தெரியாமல் ஒரு பெரியவர் நின்றால், முதியோர் உதவி எண் 14567.